மேற்பிரிவு ஜீப்புக்கு உயரம் போட்ட கதை

யுகேஷ் அதிகம் பேசமாட்டான். பேசினாலும் பாதிப் பேச்சு எஞ்சின் சத்தத்தோடு போய்விடும். கலஹாவுக்கு மேலே, தேயிலை மலையின் மேற்பிரிவில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் பிறந்தவன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சில வருடம் கோப்பை கழுவினான். அது சரிப்படாமல் திரும்பி வந்து, தோட்டம் ஏலத்தில் விட்ட பழைய டீசல் ஜீப்பை எடுத்தான். அன்றிலிருந்து மேற்பிரிவுக்கு வண்டி என்றால் அவன் வண்டிதான்.

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பேராதனை பஸ் பிடிக்கிறவர்கள் என்று எல்லாரையும் கலஹாவில் இறக்குவான். திரும்பும்போது அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கோழித் தீவனம், மிச்ச இடத்தில் ஆட்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் பின்னால் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருவார்கள். இடமில்லை என்று அந்த மலையில் எந்த ஜீப்காரனும் சொன்னது கிடையாது. சொன்னால் அவனைப் பற்றிக் கோயில் திருவிழா வரைக்கும் பேசுவார்கள்.

போன மழையில் பாதை பிய்ந்துபோனது. பிய்ந்த இடத்தில் யாரோ கருங்கல்லைக் கொட்டி நிரப்பினார்கள். கல் எல்லாம் ஆட்டுக்குட்டி அளவு. ஜீப் அதன் மேல் ஏறும்போதெல்லாம் வயிறு இடித்தது. ஒருநாள் எஞ்சினுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டி பிளந்து, கறுப்பு எண்ணெய் பாதையெல்லாம் ஒழுகியது. ஓட்டை அடைக்க ஒரு வாரம் வண்டி நின்றது.

அவன் பெண்சாதி நிலூஷா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இதை வித்துப்புட்டு ஒரு த்ரீவீல் எடுங்க. பேராதனையில தார் ரோட்டுல ஓடலாம். கல்லுல மோதி மோதி வண்டியும் போச்சு, ஒங்க இடுப்பும் போச்சு."

"தீவாளி வரைக்கும் பாப்போம்" என்றான் யுகேஷ். "ஒசரம் போட்டு ஓட்டிப் பாக்குறேன். சரிவரலன்னா விக்கிறேன்."

இதுதான் பேச்சு. வண்டி நின்றால் மேற்பிரிவு முழுக்க நடந்துதான் போகவேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கடுகண்ணாவையில் ஹபீல் நானாவின் கராஜ். ஜீப் வேலை என்றால் அந்தப் பக்கத்தில் அவரிடம்தான் போவார்கள். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். யுகேஷின் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு பெரிய எண்ணெய்த் தகரப் பேணியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு வழி ஈக்கு தம்பி. பாரம் தாங்குற வில்லுல தகடு கூட்டிப் போட்டுக் கொஞ்சமாத் தூக்கலாம். இல்லாட்டி எக்ஸலுக்குக் கீழ ஈக்கிற வில்லை மேல ஏத்திக் கட்டலாம். அப்பிடிக் கட்டினா ஒரு சாண் ஒசரும்."

"சாணே போடுங்க நானா. கல்லு அந்த மாதிரி."

"கொஞ்சம் கேளுங்களேன். அப்பிடி ஒசத்தினா ஸ்டீரிங் கம்பி சாஞ்சிடும். ஸ்டீரிங் பொட்டி வண்டியோட மேல போகும், ரோட்டுல உருளுற சில்லு கீழயே நிக்கும். நடுவுல கம்பி ஏணி சாத்தின மாதிரி நிக்கும். சில்லு குழியில எறங்கி ஏறுற நேரம் கம்பி தானாத் தள்ளும். நீங்க திருப்பாமலே வண்டி திரும்பும்."

பக்கத்தில் அஸ்ஃபர் என்றொருவர் நின்றார். சேற்றில் ஓட்டும் போட்டிக்குத் தன் ஜீப்பை ஆள் உயரம் தூக்கி வைத்திருப்பவர். "பவர் ஸ்டீரிங் போடுங்க. கழிவுக்கு ஒதுக்கின லொறியில ஒண்டு கழட்டினாச் சரி. ஒரு வெரல்ல ஓட்டலாம்" என்றார்.

"அது கை நோவுக்கு மருந்து" என்றார் ஹபீல். "கம்பி நோவுக்கு இல்ல. சில்லுப் பக்கம் சில்லைத் திருப்புற இரும்புக் கை ஒண்டு புதுசாச் செஞ்சு, கம்பியை வில்லுக்கு மேலால படுக்க வைக்கோணும். அது தனி வேலை."

"வண்டி எத்தன நாள் நிக்கும்?" என்றான் யுகேஷ்.

"அந்தக் கை செய்யிற இரும்பு வேலை பாஸ் மகள்ட கலியாணத்துல ஈக்கிறார். அவர் வந்த பொறகுதான்."

பள்ளிக்கூடம் திறக்க இருந்தது. யுகேஷ் தலையைச் சொறிந்தான். "மொதல்ல ஒசரத்தைப் போடுங்க. ஸ்டீரிங்கைப் பொறகு பாப்போம்."

வண்டியின் காலை உயர்த்தினால் போதும், ஸ்டீரிங்கைத் தன் கை எப்படியோ சமாளிக்கும் என்று நினைத்தான். மலைப்பாதை ஜீப்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். கல்லில் இடிபடுவது காதில் விழும், கம்பி சாய்ந்திருப்பது விழாது. ஹபீல் முணுமுணுத்துக்கொண்டே செய்துகொடுத்தார். பிரேக் குழாயை நீட்டினார், ஸ்டீரிங்கை நேராக்கினார், தன் கராஜின் சீமெந்துத் தரையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தார். அங்கே அது ஒழுங்காகத்தான் ஓடியது.

மேற்பிரிவில் ஜீப்பைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள். கொழுந்து எடுக்கும் இரத்தினம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை. "ஏண்டா யுகேசு, இதுல ஏற ஏணி எங்க? இல்ல, மரத்துல ஏறிக் குதிக்கணுமா?"

"கையைக் குடுங்க பெரியம்மா."

நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து ஓட்டம் தொடங்கியது. கல்லெல்லாம் வயிற்றுக்குக் கீழே போயின. யுகேஷ் அன்றைக்கு ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தான்.

மறுநாள் காலை, வண்டி நிறைய ஆட்கள், மிதிபலகையிலும் ஆட்கள். கோயிலுக்குக் கீழே பாதை வளையும் முடக்கில் முன்சில்லு ஒரு குழியில் விழுந்து எழுந்தது. கையிலிருந்த ஸ்டீரிங் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் சுற்றியது. ஜீப் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி, தேயிலைச் செடிக்குள் மூக்கைக் குத்தி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஒருத்தியின் சாப்பாட்டுப் பெட்டி மட்டும் உருண்டு போனது.

இரத்தினம்மா இறங்கிச் சேலையை உதறினாள். "நீ ஒசந்த மனுசன். எங்களுக்குத் தரை போதும்பா" என்று நடக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் பின்னால் நடந்தார்கள்.

அதற்குப் பிறகு யுகேஷ் ஜீப்பைக் கிளப்பி நிறுத்தினால், ஆட்கள் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார்கள். மழையில் நனைந்துகொண்டும் நடந்தார்கள். நிலூஷா த்ரீவீல் விற்கிற ஒருவனின் போன் நம்பரைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள்.

யுகேஷ் வெறும் ஜீப்பை அதே முடக்கில் ஏற்றி இறக்கிப் பார்த்தான். ஸ்டீரிங் லேசாக உதறியது, அவ்வளவுதான். ஹபீலுக்குப் போன் எடுத்தான்.

"வெறும் வண்டிக்கு நோவு தெரியாது" என்றார் அவர். "புதுக் கை எப்படியும் செய்யோணும். ஆனா எந்த ஒசரத்துல வைக்கிறண்டு பாரத்தோட பாத்தாத்தான் தெரியும். மணல் மூட்டை ஏத்திக் கொண்டு வாங்க."

"மணல் மூட்டை பின்னால தொங்காதே நானா."

"அது மெய்தான்" என்றார் ஹபீல்.

ஞாயிற்றுக்கிழமை அவரே தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்பிரிவுக்கு வந்தார். வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் ஜீப் நின்றது. யுகேஷ் லயத்துக்கு லயம் போனான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"ஓட்டமாட்டேன். சும்மா ஏறி ஒக்காருங்க."

"ஓட்டலன்னா எதுக்குடா ஏறணும்? போட்டோ புடிக்கவா?" என்றாள் இரத்தினம்மா.

"தெனம் ஒக்கார்ற எடத்துல ஒக்காருங்க, போதும். பையையும் கொண்டாங்க."

ஆட்கள் வந்தது யுகேஷுக்காக இல்லை, வேடிக்கைக்காக. அவரவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்கள், மிதிபலகையில் தொங்குகிறவர்கள் தொங்கினார்கள். ஹபீல் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"தம்பி, பின்னால ஈக்கிறவங்களக் கொஞ்சம் குலுக்கச் சொல்லுங்க."

"குலுக்கவா? சாமி வந்தா ஆடுவோம், சும்மா எப்படி ஆடுறது?" என்றாள் இரத்தினம்மா. சொல்லிவிட்டு முதலில் குலுக்கியவளும் அவள்தான்.

யுகேஷும் குனிந்து பார்த்தான். பின்பக்கம் அமுங்க அமுங்க முன்பக்கம் எழும்பியது. ஏற்கெனவே சாய்ந்திருந்த கம்பி இன்னும் செங்குத்தானது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் முன்சில்லு, யாரும் தொடாமலே, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தலையை ஆட்டியது.

ஹபீல் வெளியே வந்து தாடியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "கராஜுல நான் பாத்தது இந்த வண்டியே இல்ல. இது ஆளோடதான் வண்டி. கையை இந்தப் பாரத்துக்கு ஏத்த மாதிரி செய்யோணும். பின்வில்லுக்கு ஒரு தகடு கூட்டோணும். ஆனா தம்பி, பலகையில தொங்கினா எதைப் போட்டும் வேலையில்ல. மூக்கு தூக்கத்தான் செய்யும்."

யுகேஷ் மிதிபலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "வெட்டிருங்க" என்றான்.

தொங்கிக்கொண்டிருந்த ஒருவன் கீழே குதித்தான். "அப்ப நாங்க எங்க நிக்கிறது?"

"ரெண்டு நடை வாறேன்."

"ரெண்டாவது நடைக்கு பஸ் போயிருமே!"

"அப்ப வெள்ளன எந்திரிங்க."

சண்டை வந்தது. இடமில்லை என்று சொல்கிற முதல் ஜீப்காரன் இவன்தான் என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான். யுகேஷ் ஹபீலின் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்தான். கடுகண்ணாவைக்குப் போன ஜீப், புதுக் கையும் படுத்த கம்பியும் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. வெட்டிய பலகையின் இரும்பைக் கொண்டு, பக்கவாட்டில் ஏறுவதற்குத் தாழ்வாக ஒரு படி அடித்திருந்தார்கள்.

முதல் நாள் இரத்தினம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போகும் சிலரும் ஏறினார்கள். கோயில் வந்ததும் அவள் கூரையைத் தட்டினாள். "நிப்பாட்டு. நாங்க நடந்து வாறோம்."

முடக்கை அவர்கள் நடந்து கடந்தார்கள். யுகேஷ் வெறும் ஜீப்பை இறக்கி, கீழே நிறுத்திக் காத்திருந்தான். மறுபடி ஏற்றிக்கொண்டு போனான். மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. அவன் யாரையும் உட்காருங்கள் என்று கேட்கவில்லை. கோயில் வந்தால் அவனாகவே நிறுத்தினான். நடக்கிறவர்கள் குறைந்தார்கள், பிறகு கூடினார்கள், பிறகு மறுபடியும் குறைந்தார்கள். இரத்தினம்மா மட்டும் விடாமல் இறங்கினாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் காலையிலேயே மழை கொட்டியது. வண்டி நிறைந்திருந்தது. யுகேஷ் கோயிலடியில் நிறுத்தினான். யாரும் அசையவில்லை.

"பெரியம்மா, எறங்கலையா?"

இரத்தினம்மா மழைக்குத் தொங்கவிட்டிருந்த படங்கை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். "இந்த மழையில எறங்கி நான் சளி புடிச்சுச் சாகவா? ஓட்டுறா. மெதுவா ஓட்டு."

யுகேஷ் முதல் கியரைப் போட்டான். முன்சில்லு குழியில் விழுந்து எழுந்தது. ஸ்டீரிங் அவன் கையில் இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே வந்ததும், வழக்கமாகக் காத்து நிற்கும் இடத்தில் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"என்னாத்துக்கு நிக்கிற?" என்றாள் இரத்தினம்மா. "பஸ் போயிரும்."