போனில் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்கிறவள்

பிள்ளையார்பாளையத்தில் தேவிப்ரியாவை எல்லோரும் கரண்டுக்காரப் பொண்ணு என்றுதான் சொல்வார்கள். அப்பா சபாபதி பட்டுத் தறியில் உட்காரும் நேரத்துக்கு, இவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பியிருப்பாள். உயரழுத்த லைனில் பழுது வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அதைத் துண்டிக்கச் சொல்லும் ரிலேக்களைச் சோதிப்பது அவள் தொழில். நான் காந்தா, தாமல் பக்கத்து சப்ஸ்டேஷனில் ஷிப்ட் ஆபரேட்டர். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். இவளிடம் மட்டும் அது பலிக்காது.

இந்தச் சோதனைக்கு லைனின் இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். மறுமுனையில் எப்போதும் குமரகுரு. இரண்டு வருஷமாகப் போனில்தான் பேச்சு. எங்கள் வேலையில் ஒருவர் சொன்னதைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகப் புரிந்துகொண்டால் உயிர் போய்விடும். அப்படித் திருப்பித் திருப்பிச் சொல்லியே இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று.

போன மாதம், "வீட்டுல வந்து பொண்ணு கேக்கட்டுமா?" என்று அவர் கேட்டுவிட்டார். வேலையில் வெளுத்து வாங்குகிறவள், இதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. ஆசை இல்லாமலா? வெட்கம். திங்கட்கிழமை அவர் குஜராத்துக்கு மாற்றலாகிப் போகிறார்.

"இன்னைக்கும் கம்முனு இருந்தீன்னா, வேணாம்னு நெனச்சிக்கினு அந்த மனுஷன் போயிடுவாரு" என்று காலையிலேயே பிடித்து விளாசினேன்.

"இரு அக்கா, வேலையப் பாப்போம்" என்றாள்.

எங்கள் முனையில் சின்ன சோலார் பிளான்ட் ஒன்றுதான். லைனில் பழுது வந்தாலும் இங்கிருந்து போதுமான மின்னோட்டம் பாயாது. எங்கள் ரிலேவுக்குப் பழுதே தெரியாது. மறுமுனை ரிலே சிக்னல் அனுப்பும். இங்கே மின்னழுத்தமும் சரிந்திருந்தால், எங்கள் ரிலே அதை நம்பி சிக்னலைத் திருப்பி அனுப்பிவிட்டு, பிரேக்கரைத் திறந்து லைனைத் துண்டிக்க வேண்டும்.

அதைச் சோதித்தபோது முதல் தடவை எதுவும் நடக்கவில்லை. மறுபடியும் பார்த்தார்கள், அப்போதும் இல்லை.

"மேடம், அங்க கரண்ட் எவ்ளோ வச்சிருக்கீங்க?" போன் ஸ்பீக்கரில் குமரகுரு.

தேவி சோதனைக் கருவியைக் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பழுது லைனில் இல்லாமல் நமக்குப் பின்னால் இருந்தால் ரிலே சும்மா இருக்கிறதா என்று சற்றுமுன் சோதித்திருந்தாள். அதற்குக் கொடுத்த மின்னோட்டம் அப்படியே இருந்தது; பழுது பின்னால்தான் என்று நினைத்து ரிலே சும்மா இருந்துவிட்டது.

"பழச எடுக்கவே இல்ல சார்."

"பரவால்ல. மனசு எங்கயோ இருக்குது போல."

நான் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன். அவள் மின்னோட்டத்தை எடுத்தாள். அடுத்த தடவை பிரேக்கர் டமாலென்று திறந்தது.

"சிக்னல் திரும்பி வந்துடுச்சு மேடம்."

"சிக்னல் திரும்பி வந்துடுச்சு. சரி சார்." அவள் வயர்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

குமரகுரு போனை வைக்கவில்லை. "ஞாயித்துக்கிழம காலைல எங்கம்மாவக் கூட்டிக்கினு உங்க வீட்டுக்கு வரேன்."

"ஞாயித்துக்கிழம காலைல உங்கம்மாவக் கூட்டிக்கினு எங்க வீட்டுக்கு வரீங்க. சரி சார்."

சொல்லிவிட்டுத்தான் அவள் கை நின்றது. அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

"மேடம்... பழக்கத்துல சொல்லிட்டீங்களா?"

இவள் இப்போது ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால்? தேவி காதுவரை சிவந்துபோய்ப் போனைக் கையில் எடுத்தாள். ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

"திருப்பிச் சொன்னது பழக்கம் சார். சரின்னு சொன்னது நானு."

"சரின்னு சொன்னது நீங்க" என்று குமரகுரு திருப்பிச் சொன்னார்.