தொட்டேன், தடவவில்லை

ஏட்டி காவியா, ஏலே மாடசாமி, நீங்கள் பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கினால் உங்கள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள். அப்பா வேலை பார்க்கும் மஸ்கட் ஆஸ்பத்திரியில் ஒருவர் பத்துக்குப் பத்து வாங்கினால் டாக்டர் ஓடி வருவார். இங்கே வலிக்கு மார்க் கேட்கிறார்கள். வலியே இல்லாவிட்டால் சைபர், தாங்கவே முடியாவிட்டால் பத்து. நர்ஸ் வந்து எத்தனை என்று கேட்டால், படுத்திருப்பவர் ஒரு எண் சொல்ல வேண்டும். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. நம் தென்காசியில் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், யார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டோம், பந்தியில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதானே வலிக்கே வருவோம். அதை ஒற்றை எண்ணில் எப்படி அடக்குவது?

இந்த ஊர்க்காரர்களுக்கும் அது சரியாக வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஓமானியப் பெரியவர் ஒருவர், எப்போது கேட்டாலும் “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். இறைவனுக்கு நன்றி சொல்கிறவருக்கு என்ன வலி இருக்கப்போகிறது என்று நினைத்து, நான் அவரைச் சட்டென்று புரட்டப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் மூன்று நாள் வீக்கம். அன்றைக்குத்தான் எங்கள் வார்டு நர்ஸ் ஜின்சி சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பாடம் எடுத்தது. புனலூர்ப் பிள்ளை, செங்கோட்டையில் ரயில் ஏறினால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வரும் ஊர். வயதில் எனக்கு இளையது என்றாலும் வார்டில் அது வைத்ததுதான் சட்டம். நோயாளி சொல்வதைக் கேள், ஆனால் அதோடு நிற்காதே, நெற்றி சுருங்குகிறதா, விரல் போர்வையை இறுக்குகிறதா, மூச்சு வேகமாக வருகிறதா என்று பார். தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் தொட்டு ஒப்பிட்டுப் பார். வித்தியாசம் தெரிந்தால் நீயாக வைத்தியம் பண்ணாதே, என்னைக் கூப்பிடு. எட்டாம் வகுப்போடு நின்ற நான், இதை எல்லாம் தமிழில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தொடுகிற பாடம் மட்டும் எனக்குப் புதிதில்லை. குற்றாலத்தில் பதினெட்டு சீசன் எண்ணெய் தேய்த்தவன் உங்கள் அப்பா. அருவிக்கரையில் சாரலுக்கு நடுவே எத்தனை கால்களைப் பார்த்திருப்பேன். லாரி ஓட்டுகிறவர் கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர் காலில் நரம்பு சுருண்டு கிடக்கும். எங்கே வலி என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. உள்ளங்கை வைத்ததும் தெரிந்துவிடும். தெரிந்த இடத்தில் இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினால் அவர்கள் ‘ஆத்தாடி’ என்று எழுந்து உட்கார்ந்து, அடுத்த வருஷமும் என்னைத் தேடி வருவார்கள். ஆனால் சாரல் நின்றால் வேலையும் நின்றுவிடும். அதனால்தான் வார்டு உதவியாளாக இங்கே வந்தேன்.

சென்ற மாதம் எங்கள் வார்டுக்குக் கடையத்துக்காரர் ஒருவர் வந்தார். ஆறுமுகம் அண்ணாச்சி, கிரேன் ஓட்டுகிறவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. என் பேச்சைக் கேட்டதும், “ஏலே, நீ நம்ம பக்கமால்லா?” என்று கையைப் பிடித்தவர்தான், பிறகு விடவேயில்லை. ஆபரேஷன் முடிந்தவரை நடக்க வைக்க வேண்டும் என்பது சிஸ்டரின் உத்தரவு. அண்ணாச்சிக்கோ எழுந்தால் தையல் பிரிந்துவிடும் என்று பயம். நாளைக்கு நடக்கிறேன், நாளைக்கு நடக்கிறேன் என்று கெஞ்சுவார். நம் ஊர்க்காரர், வயதில் மூத்தவர், எப்படி விரட்டுவது? ஒன்றுக்குப் போகும் பாத்திரத்தைக் கட்டிலுக்கே கொண்டுபோய், நடக்காமலே எல்லாம் நடத்திக் கொடுத்தேன். உபகாரம் செய்வதாகத்தான் எனக்கு நினைப்பு.

நான்காம் நாள் மத்தியானம் என்னைக் கிட்டே வரச்சொல்லி, இடது கெண்டைக்கால் காலையிலிருந்து கடுக்கிறது என்றார். எத்தனை மார்க் என்று கேட்டேன். எட்டு என்றார். அவர் அறைத்தோழர் கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். “குற்றாலத்து ஆளு பக்கத்துல இருக்க நான் எதுக்குலே கஷ்டப்படணும்? அமுக்கி விடு.”

எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். இங்கே வந்ததிலிருந்து என் தொழிலை யாரும் கேட்கவில்லையே. எண்ணெயை ஊற்றிக் கையில் சூடுபறக்கத் தேய்த்து, வழக்கம்போல இரண்டு உள்ளங்கையையும் இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வைத்தேன். வலது கால் சும்மா இருந்தது. இடது கால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது, தோல் விம்மி மினுங்கியது. குற்றாலமாக இருந்தால் அந்த இடத்தில்தான் இன்னும் இரண்டு அழுத்து அழுத்தியிருப்பேன். கட்டைவிரல் இறங்கக்கூடப் பார்த்தது. பிறகு ஒருநாள் சிஸ்டர் சொல்லி, சட்டைப்பைக் காகிதத்தில் எழுதிச் சேர்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. படுத்தே கிடப்பவருக்கு ஒற்றைக் கால் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நெஞ்சுக்கு ஓடும். ஓடினால் ஆள் போய்விடுவார்.

கையை எடுத்துவிட்டேன். சிஸ்டரைக் கூப்பிட்டு வருகிறேன், காலை அசைக்காதீர்கள் என்றேன். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “நீலச் சட்டை மாட்டுனதும் டாக்டராயிட்டியோ? ஊர்க்காரன்னு நம்பிக் கேட்டேன் பாரு.”

சிஸ்டர் டேப் கொண்டுவந்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தது. இடது கால் நான்கு சென்டிமீட்டர் கூடுதல். வலி எத்தனை என்று கேட்டது. அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “ரெண்டு” என்றார்.

“சிஸ்டர், எங்கிட்ட எட்டுன்னு சொன்னாரு.”

“ஏலே, பொம்பளப் பிள்ள கேக்குது. எட்டுன்னு அழச் சொல்லுதியா?”

சிஸ்டர் அவரை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தது. எண்ணெய் மினுங்கியது. “சேட்டா, தடவியோ?”

“தொட்டேன். தடவல.”

“நேத்து நடந்தாரா?”

பொய் சொல்ல ஒரு கணம் போதும், பிள்ளைகளா. வேலை போய்விடுமே என்ற பயமும் இருந்தது. ஆனால் எத்தனை நாளாக அவர் அசையாமல் கிடந்தார் என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லை, ஒருநாளும் நடக்கவில்லை, நான்தான் நடக்கவிடவில்லை என்றேன். சிஸ்டர் பேனாவை எடுத்தது. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டது. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. அது காலோடு நின்றிருக்கிறது, நெஞ்சுக்கு வரவில்லை. ஊசி, மாத்திரை என்று நாட்கள் போயின. டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து வராந்தாவில் அண்ணாச்சியை நான்தான் நடத்தினேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். திட்டுவதற்கு மூச்சு இருக்கிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வழியில் வந்த ஓமானிய நர்ஸ் ஒருத்தி, நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து, எங்களுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டாள். டிஸ்சார்ஜ் ஆன அன்று அண்ணாச்சி சக்கர நாற்காலி வேண்டாம் என்று லிப்ட் வரை நடந்தே வந்தார். கதவு மூடும்போது, “லீவுல குற்றாலம் வா. தொட்டுட்டுத் தடவாம விட்ட உன்ன இழுத்துட்டுப் போயி எண்ணெயில முக்கி எடுக்கேன்” என்றார். கதவு இடிக்க வந்தும் அவர் என் கையை விடவில்லை. அதற்கு எத்தனை மார்க் என்று நான் கேட்கவில்லை.

அன்று அறையில் யாருமில்லை. கதவைச் சாத்தி, கட்டிலில் காலை நீட்டி, ஒரு நூலை எடுத்து என் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். இடது கால் ஒரு நகக்கண் அளவு கூடப் பருமன். சூடில்லை, வலியில்லை. பதினெட்டு சீசன் அருவிக்கரைப் பாறையில் ஊன்றி நின்ற கால் அது. வலது கால் பாவம், இளைத்து, ஊரை விட்டு வந்த இடத்துக்குத் தகுந்தாற்போல ஒடுங்கி இருந்தது. இங்கே யாருக்கும் தேய்க்காத கையில் எண்ணெய் கொஞ்சம் எடுத்து அந்தக் காலுக்கு மட்டும் தேய்த்துவிட்டேன்.