மூன்றாவது கியரில் ஏரி வளைவு

மாதத்தில் ஒரு ஞாயிறு ரேஸ் ட்ராக்குக்குப் போய்க் கார் ஓட்டுகிறவன் நான். பந்தயமெல்லாம் கிடையாது. உத்திரமேரூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவனுக்குப் பிடித்த கிறுக்கு, அவ்வளவுதான். மற்ற நாட்களில் எனக்கு ட்ராக், மானாம்பதி போகும் வழியில் ஏரிக்கரையை ஒட்டித் திரும்பும் வளைவு. அறுப்பு முடிந்தால் அங்கே பாதி ரோட்டில் நெல் காயும். கூலிக்கு வந்த பெண்கள் வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடப்பார்கள். என்றைக்காவது அவர்களில் ஒருத்தி என் காரில் அடிபடுவாள் என்று உள்ளுக்குள் தெரியும். தெரிந்தும் வேகமாகத்தான் போனேன். கொழுப்பு, வேறென்ன.

வளைவு நெருங்கும்போது மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்குத் தள்ளி, கிளட்சை வெடுக்கென்று விடுவது என் பழக்கம். இன்ஜின் அலறும், கார் குலுங்கும். ட்ராக்கில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். பிரேக்கை முன்னாலேயே முடி, மூன்றிலேயே உள்ளே போ, ஸ்டீயரிங்கை ஒரே தடவையில் திருப்பு, கண் வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும் என்றார். மூன்று மாதம் திட்டு வாங்கித்தான் கை பழகியது.

அடுத்த வாரமே, சரக்கு எடுக்கப் போகும்போது, அதை ஏரி வளைவில் செய்து பார்த்தேன். காலை பத்து மணி இருக்கும். மூன்றிலேயே உள்ளே போனேன். குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கண் வளைவின் முடிவில் இருந்தது. நெல்லுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்றிருந்தவளை அதனால் பார்க்கவில்லை.

டயர் நெல்லில் ஏறியதும் காரின் பின்பக்கம் வீசியது. ஜன்னலோரம் ஒரு புடவை வந்தது, மறைந்தது.

காரை நிறுத்திவிட்டு ஓடினேன். அவள் கரைச் சரிவில் விழுந்து கிடந்தாள். கார் மேலே படவில்லை, கடைசி நொடியில் குதித்திருக்கிறாள். முழங்கையில் ரத்தம். கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்து பேசினாள்.

"நீங்க வந்தா எங்களுக்குத் தெரியும் பாய். வண்டி தூரத்துலயே கத்திக்கினு வரும், நாங்க எறங்கி நின்னுக்குவோம். இன்னிக்கு இன்னா, சத்தமே இல்ல?"

இத்தனை நாள் யாருக்கும் ஒன்றும் ஆகாததற்கு என் கைத்திறமைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவமானத்தில் கூசிப்போனேன்.

வண்டியில் ஏதாவது கெட்டுப்போச்சா என்று அக்கறையாகக் கேட்டாள். ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?