பத்து றாத்தல் வலி

பிறர் வலியை ஆங்கிலத்தில் சொல்லிச் சம்பளம் வாங்குவதுதான் என் தொழிலாக இருந்தது. இரண்டு மொழிகளுக்கு நடுவே நின்று களைத்தவர்களுக்கு என் பாடு புரியும். கல்லூரியில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெலிமடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் எழுத்தராக இருந்தேன். வாரம் ஒருநாள் வரும் வெள்ளைக்கார டொக்டருக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளருக்கு ஆங்கிலம் தெரியாது.

மூன்று பெட்டிகள்

டொக்டரின் அட்டையில் வலிக்கு மூன்று பெட்டிகள்: மைல்ட், மொடரேட், சிவியர். நோயாளி பேசுவதைக் கேட்டு நான் ஒரு சொல் சொல்வேன். அவர் அந்தப் பெட்டியில் புள்ளடி இடுவார்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கருப்பையா தன் முழங்காலைப் பற்றி விரிவாகச் சொன்னார். மலை ஏறும்போது சும்மா இருக்கிறதாம். இறங்கும்போது பல்லைக் கடிக்க வைக்கிறதாம். மழைக்கு முதல்நாளே வந்து சொல்லிவிட்டுப் போகிறதாம். நான் திணறி, "மொடரேட்" என்றேன். என்ன எழுதினார்கள் என்று கருப்பையா கேட்டார். நடுப்பெட்டி என்றேன்.

"எந்தப் பெட்டியில போட்டாலும் சரிங்கம்மா, வலி எங்கிட்டத்தானே இருக்கு."

துரைசாணியின் தலைவலி

தோட்டத் துரையின் மனைவிக்கு ஒருநாள் தலைவலி. குத்துகிறது, துடிக்கிறது, அழுத்துகிறது என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனார். அட்டை போதாமல் டொக்டர் பின்புறமும் எழுதினார். எனக்கு வேலையில்லை. அந்தச் சொற்களின் அழகை ரசித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெளியே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. மருந்துப் போத்தல் கழுவும் முத்தம்மா என் காதருகே சொன்னாள்:

"தொரசாணிக்கு வலிச்சா அரை மணி நேரம் கேக்குறாங்க. நமக்கு வலிக்க அரை நிமிசந்தான் குடுக்குறாங்க."

கடைசியாக வந்தவள்

ராக்காயி கொழுந்து பறிப்பவள். முப்பது வயதிருக்கும். அன்றைய வரிசையில் கடைசி ஆள். வயிற்றின் வலப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் வலிக்குதுங்கம்மா. நேத்து பத்து றாத்தலோட வந்துட்டேன்" என்றாள். டொக்டர் புறப்படும் நேரம். டிரைவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார். கொழுந்தின் நிறை வலிக்கு எதற்கு என்று அதை விட்டுவிட்டு, "மைல்ட்" என்றேன். முதல் பெட்டியில் புள்ளடி விழுந்தது. ஒரு போத்தல் மருந்து கொடுத்து அனுப்பினோம்.

மூன்றாம் நாள் காலை அவளைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். கொழுந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழியில் உள்ள ஹாலிஎலவை எட்டுமுன்பே உயிர் போய்விட்டது. குடல்வால் வெடித்திருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

காரியம் முடிந்தபின், அவளோடு ஒரே நிரையில் பறித்த நாத்தனார் செல்லாயி என்னைப் பார்க்க வந்தாள். அவள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

"ராக்காயி தெனமும் முப்பது றாத்தல் எடுக்குறவங்கம்மா. காய்ச்சலோட போன அன்னிக்கும் இருவத்தஞ்சு எடுத்தவ. பத்தோட வந்து நின்னதும் எங்களுக்கெல்லாம் பயம் வந்துருச்சு. அதை நீங்க டாக்குத்தரய்யாகிட்ட சொன்னீங்கதானே?"

என் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இராது என்று டொக்டர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். "மைல்ட்" என்று சொன்ன அன்றும் ஒரு பிழை இருக்கவில்லை.