பென்னிக் கதவின் வளைந்த கம்பி

எனக்கு ஒழுங்காகப் பார்க்கிறது ஒரு கண்தான். இடது கண் பிறவியிலேயே சோம்பல். அதால் பார்த்தால் எதிரே நிற்கிறது மனுசனா மரமா என்று சொல்லலாம், மற்றபடி அதை நம்பி ஒரு காரியமும் செய்ய ஏலாது. வலது கண்ணுக்கும் தடித்த கண்ணாடி. ஆனால் அந்த வலது கண்ணால்தான் படித்தேன், லண்டனுக்கு வந்து சேர்ந்தேன், உழைத்தேன். அது போனால் நானும் போனேன். அது இன்றைக்கும் வேலை செய்கிறதென்றால் ஒரு சின்ன லென்ஸும், அதை விற்ற பொல்லாத மனுசி ஒருத்தியும், என்ர மனுசியும்தான் காரணம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ட்ரெதத்தில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் டில்லில், காசு வாங்குகிற இடத்தில், நின்றேன். ஒருநாள் ஒரு பத்துப் பென்ஸ் காசுக்குற்றி வந்தது. விளிம்பில் எலி கடித்ததுபோல வளைவாக ஒரு துண்டு இல்லை. யாரோ வெட்டிப்போட்டான்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு விசாரித்தால், அது அச்சடிக்கிற இடத்திலேயே நடந்த பிழையாம். அப்படிப் பிழையாகிப்போன காசுகளைத் தேடிச் சேர்க்கிற ஆட்களே இருக்கிறார்களாம். அட கடவுளே, எல்லாரும் நல்ல காசுக்கு ஓடித் திரிய, பிழையான காசுக்கும் ஒரு கூட்டமா! எனக்கு ஆசை பிடித்துவிட்டது. விசர் பிடித்துவிட்டது என்றாள் மனைவி.

எலி கடித்த குற்றி எப்போதாவதுதான் வரும். மற்றப் பிழைகள் எல்லாம் பொடிப்பொடி. அச்சு வெடித்திருந்தால் காசின் முகத்தில் மயிர்போல ஒரு கோடு மேலெழுந்து நிற்கும். அச்சு அசைந்திருந்தால் எழுத்து இரட்டையாக விழும். வெறும் கண்ணுக்கு இதெல்லாம் பிடிபடாது. அதனால் ஒரு சனிக்கிழமை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கார் பார்க்குக்குக் கீழே கூடுகிற சந்தைக்குப் போனேன். காசு, தபால் முத்திரை, பழைய பதக்கம் என்று சுற்றிவர மேசைகள். அதில் ஒரு மேசையில் லென்ஸ் மட்டும் விற்றுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி இருந்தா. அறுபது வயது மதிக்கலாம். வாய் ஓயாது. வருகிறவன் போகிறவன் எல்லாரும் அவவுக்கு ‘லவ்’தான்.

"காசு பார்க்கவா? பத்து மடங்குக்கு மேலே போகாதே, லவ்," என்றா.

நான் கேட்கிற ஆளா? எங்கட ஆட்களுக்கு எது வாங்கினாலும் பெரிதாக வாங்க வேண்டும். சோறு வடிக்கிற பானையும் அப்படித்தான், சாமி அறையில் மாட்டுகிற படமும் அப்படித்தான். முப்பது மடங்கு என்று எழுதியிருந்ததைத் தூக்கினேன். அவ தோளைக் குலுக்கிவிட்டுச் சுற்றித் தந்தா.

வீட்டுக்கு வந்து பார்த்தால் காசையே காணவில்லை! முப்பது மடங்கில் ஒரு எழுத்தின் ஒரு மூலைதான் தெரியும். மூக்கு காசில் முட்டும், என் தலையே வெளிச்சத்தை மறைக்கும், கை கொஞ்சம் அசைந்தால் எல்லாம் ஓடிவிடும். தெரிந்த இடத்திலோ, காசு சட்டைப்பைகளில் உரசிப்பட்ட கீறல் ஒவ்வொன்றும் பெரிய வாய்க்கால். நான் அதையெல்லாம் பிழை என்று நம்பி, ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போய் அவவின் மேசையில் கொட்டினேன். அவ சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கிட்டப் போனால் எல்லாமே பிழையாகத்தான் தெரியும், லவ்," என்று சொல்லி, அந்த முப்பது மடங்கு லென்ஸை வாங்கி வைத்துவிட்டுப் பத்து மடங்கு லூப் ஒன்றைத் தந்தா. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, மடித்து மூடுகிற சின்ன லென்ஸ், அதுதான். மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது, ஓரத்தில்கூட கோடு வளையாது என்றா. பிடிக்கிற முறையும் சொன்னா. லென்ஸைக் கண்ணோடு சேர்த்துப் பிடி, காசை அதனிடம் கொண்டு வா, முழங்கையை மேசையில் ஊன்று, விளக்கைப் பக்கவாட்டில் வை.

சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு புது உலகம். முழுக் காசும் ஏறத்தாழ ஒரே பார்வையில் வந்து நிற்கும். ஞாயிறு காலையில் குசினி மேசையில் விளக்கைச் சரித்து வைத்துக்கொண்டு குந்தினேன் என்றால், மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "உங்கட லவ் தந்த கண்ணாடியோ? அதுக்குள்ள என்ர முகமும் தெரியுதோ எண்டு பாருங்கோ," என்று நக்கலடிப்பாள்.

இப்படியே சில வருடம் போனது. பிறகு ஒரு மாரிகாலத்தில்தான் அந்தப் பென்னி அகப்பட்டது. பென்னிக் குற்றியின் பின்பக்கத்தில் கோட்டை வாசலின் இரும்புக் கதவு இருக்கும். குறுக்கும் நெடுக்கும் நேர்நேரான கம்பிகள். நான் பார்த்த பென்னியில் நடுவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வளைந்து நின்றது! "இஞ்ச வாரும், இஞ்ச வாரும்! கதவு வளைஞ்ச பென்னி!" என்று கத்தினேன். அவள் வந்து வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, "எனக்கு எல்லாப் பென்னியும் ஒண்டுதான்," என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பென்னி எடுத்தேன். அதிலும் வளைவு. இன்னொன்று எடுத்தேன். அதே இடத்தில் அதே வளைவு. புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தி யோசித்திருப்பான். நான் என்ன செய்தேன்? லென்ஸ் பழுது என்று முடிவு கட்டினேன். கொஞ்ச நாளாக வீட்டுக் கதவு நிலையும் நெளிந்ததுபோலப் பட்டது, கண்ணின் ஓரத்தில் மின்னல்போல வெட்டியது. நெளிவுக்கு, போட்டிருக்கிற கண்ணாடி பழசு என்றும், மின்னலுக்கு ஸ்டேஷன் ட்யூப்லைட் என்றும் காரணம் வைத்திருந்தேன். மற்றக் கண்ணோ சொல்லவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது.

"நீர்தான் லென்ஸைக் கீழே விழுத்தியிருப்பீர்," என்றேன் மனைவியிடம்.

"ஓம், வெயில் அடிச்சாலும் நான்தான், மழை பெய்தாலும் நான்தான். வாங்கோ, நானும் வாறன். அந்த லவ்வையும் ஒருக்காப் பாப்பம்."

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். லென்ஸை மேசையில் வைத்து, இது கோட்டை வளைக்கிறது, மாற்றித் தா என்றேன். வெள்ளைக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. தான் விற்ற கண்ணாடியில் பிழை என்று ஒருவரும் இதுவரை சொன்னதில்லை என்றா. மேசைக்குக் கீழேயிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குக்கு வைத்திருக்கிற கட்டக்கோட்டுத் தாள் ஒன்றை எடுத்து விரித்தா. லென்ஸை அப்படித்தான் சோதிப்பார்களாம். நல்ல லென்ஸ் என்றால் கட்டம் கட்டமாகவே தெரிய வேண்டும்.

முதலில் அவ பார்த்தா. நேர். என்ர மனுசியிடம் நீட்டினா. அவள் ஒரு கண்ணை இறுக மூடி, மூக்கைச் சுளித்துப் பார்த்துவிட்டு, "நேராத்தான் கிடக்கு," என்றாள். நான் பார்த்தேன். கோடு நடுவில் தொய்ந்து கிடந்தது.

"இதுவோ நேர்? ரெண்டு பேருக்கும் கண் பழுதோ?" என்று தமிழில் ஒருக்கா, இங்கிலீஷில் ஒருக்கா குதித்தேன்.

வெள்ளைக்காரி கத்தவில்லை. "மற்றக் கண்ணால் பார்," என்றா.

"அது உதவாத கண். அதால் ஒரு எழுத்தும் வாசிக்க ஏலாது."

"வாசிக்கச் சொல்லவில்லை. பார்."

கோபத்தோடு லென்ஸை இடது கண்ணில் வைத்தேன். பனிக்குள்ளே பார்க்கிற மாதிரி எல்லாம் மங்கல். ஆனால் அந்த மங்கலுக்குள் கோடுகள் நேராக நின்றன. என் சோம்பல் கண்ணுக்கு நேர். வலது கண்ணுக்கு மாற்றினேன். வளைவு. திரும்ப மாற்றினேன். நேர். என்னிடம் இருந்தது அந்த ஒரு கண்தானே.

வெள்ளைக்காரி லென்ஸைப் பறித்துத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினா. "இன்றைக்கே, இப்போதே கண் ஆஸ்பத்திரிக்குப் போ. காட்டிவிட்டு வந்தால்தான் இது உனக்குக் கிடைக்கும்," என்றா. என்ர பொருளைப் பூட்டி வைக்க இவ ஆர் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை போவம், இண்டைக்கு எனக்குப் பின்னேர ஷிப்ட் என்று மனைவியிடம் சொன்னேன். என் கோட்டுக் கையைப் பிடித்த பிடியை அவள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை.

டொக்டர் சின்னப் பெண். நெடுநேரம் கண்ணுக்குள் பார்த்தா. ஈரச்சுவரில் வால்பேப்பர் கழன்று வருகிற மாதிரிக் கண்ணின் உட்சவ்வு கழன்று வருகிறது என்றா. நடுப்பகுதியின் கரையைத் தொட்டுவிட்டதாம், முழுக்கப் பிடித்துவிட்டால் பார்வை திரும்பாதாம். வீட்டுக்கு விடவில்லை. அடுத்த நாள் ஒப்பரேஷன். நான் சொன்ன திங்கட்கிழமைக்குக் கண் காத்திருந்திருக்குமோ என்று கேட்டேன். டொக்டர் சம்மதத் தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னா.

கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழி விட்டிருந்தார்கள். அது சவ்வை அமர்த்திப் பிடிக்க நான் குப்புறவே கிடக்க வேண்டும். வீட்டில் கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தேன். என்ர மனுசி வேலையால் வந்ததும், கோட்டைக் கழற்றிவிட்டு, எனக்கு நேர் கீழே தரையில், காப்பெட்டில், மல்லாந்து படுத்துக்கொள்வாள். அப்படிக் கிடந்தே இல்ஃபோர்ட்டில் யார் வீடு வாங்கினது, தான் வேலை செய்கிற பள்ளிக்கூடக் குசினியில் யார் யாரோடு சண்டை என்று ஊர்ப்புதினம் முழுக்கச் சொல்லுவாள். புட்டை உருட்டி மேலே நீட்டுவாள். பாதி அவளின் முகத்திலேயே விழும். எனக்கு அவளின் முகம் ஒரு மஞ்சள் மூட்டமாகத்தான் தெரிந்தது. தெரியாமல் போய்விடுமோ என்று நான் பயந்தது காசையும் எழுத்தையும் நினைத்து அல்ல, அந்த முகத்தை நினைத்துத்தான். கிழமைகள் போகப் போக மூட்டம் இறங்கியது. ஒருநாள் அவளின் கன்னத்தில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூ தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். "அழாதேங்கோ, என்ர வாய்க்குள்ள விழுது," என்றாள்.

கோடையில் திரும்பச் சந்தைக்குப் போனோம். வெள்ளைக்காரி என்னைக் கண்டதும் லாச்சியைத் திறந்தா. லென்ஸோடு அந்தக் கட்டத்தாளையும் மடித்து வைத்திருந்தா. விரித்தா. "பார்," என்றா.

வலது கண்ணால் பார்த்தேன். கட்டங்கள் வந்தன. நடுவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோடு இன்னும் கொஞ்சம் தொய்ந்துதான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அது இனி மாறாது என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தா. அந்த வளைவைக் காண எனக்கு அவ்வளவு சந்தோசம், காண்கிற கண் இருக்கிறதே!

நன்றி சொல்லத்தான் வந்திருந்தேன். நிமிர்ந்து, "உங்கட கண்ணாடியில் ஒரு பிழையும் இல்லை," என்று மட்டும் சொன்னேன்.

"அதைத்தானே அன்றைக்கும் சொன்னேன், லவ்," என்றா அவ. சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி, மேசையில் இருந்த லென்ஸ்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கத் தொடங்கினா.