துண்டுக்குள் பேசிய இன்ஷூரன்ஸ்

மணப்பாறை மாட்டுத் தரகர் வெள்ளைச்சாமி எந்த விலையையும் வாயால் சொன்னதில்லை. சந்தையில் எல்லாத் தரகர்களும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். இவர் மட்டும் வெற்றிலைக் கடையிலும் துண்டை விரித்துக் கடைக்காரர் கையைத் தேடுவார். முப்பது வருஷப் பழக்கம்.

1962-இல் புது அம்பாசடர் வாங்கினார். "முத சவாரி உனக்குத்தான். நீ ஏறாம வேற யாரையும் ஏத்த மாட்டேன்" என்று மனைவி மயிலம்மாளிடம் வாக்குக் கொடுத்தார். இருபது வருஷம் மாட்டு வண்டியில் குலுங்கியவள், ஸ்ரீரங்கம் போகப் பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டாள்.

காரைத் திருச்சியிலிருந்து தனியாக ஓட்டி வந்தவர், நாலு பேர் பார்க்கட்டுமே என்று சந்தை வாசலில் ஐந்து நிமிஷம் நிறுத்தினார். முகப்பில் சாமந்தி மாலை. அதைத் தின்ன ஒரு காளை வந்தது. மாலை தீர்ந்தும் அது நகரவில்லை. கொம்பு முன்பக்கக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. காளை தலையை ஓர் உதறு உதறியது. கொம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கும் முகப்பும் பானெட்டும் போயின.

இன்ஷூரன்ஸ் படிவத்தை அவரே நிரப்பினார். எதிர் வாகனம்: காங்கேயம் காளை. வயது: நாலு பல். ஓட்டியவர்: யாருமில்லை, தானாகவே வந்தது. கம்பெனிப் பணம் வந்தால்தான் பட்டறையிலிருந்து கார் வெளியே வரும். அதுவரை புடவையும் மடிப்புக் கலையாமல் காத்திருந்தது.

சேதத்தை மதிப்பிட, திருச்சி பாலக்கரைப் பட்டறைக்குக் கம்பெனி சர்வேயர் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், பெயர் வரதாச்சாரி. அவர் பானெட்டைத் தட்டிப் பார்த்ததும், விளக்குக் குழிக்குள் எட்டிப் பார்த்ததும் வெள்ளைச்சாமிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பல் பிடித்துப் பார்க்கத் தெரிந்த மனுஷன். இனி விலைதானே பாக்கி? துண்டை அவர் கைமேல் போட்டு, உள்ளே முந்நூறு என்று மூன்று விரலை இறுக்கிப் பிடித்தார்.

வரதாச்சாரி கையை இழுக்கப் பார்த்தார்.

"என்ன காரியம் பண்றீர்? லஞ்சமா? கையை விடும்."

துண்டைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் உதறினார். நோட்டு எதுவும் விழவில்லை. கொஞ்சம் தவிடுதான் விழுந்தது. சந்தேகம் தீராமல் தன் உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"விலையை வாயால சொன்னா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்ங்க" என்றார் வெள்ளைச்சாமி. "உங்க மரியாதைக்குத்தான் மூடினேன்."

லஞ்சம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். வரதாச்சாரி பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாமாகவே துண்டுக்குள் கையை விட்டார். மூன்று விரலில் ஒன்றை மடக்கினார். இவர் அதைப் பாதி நிமிர்த்தினார். இருநூற்றைம்பது ரூபாயில் முடிந்தது. சர்வேயர் நோட்டில் முன்பே எழுதியிருந்த தொகையும் அதுதான்.

கார் தயாரானதும் வரதாச்சாரி சரிபார்க்க வந்தார். பஸ்ஸுக்குக் கிளம்பியவரை வெள்ளைச்சாமி விடவில்லை. வீட்டு வாசலிலேயே இறக்குகிறேன் என்று முன்சீட்டில் உட்காரவைத்தார். காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போன பிறகுதான் மயிலம்மாளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. நடுப்பாலத்தில் மனுஷனை இறங்கச் சொல்லவா முடியும்?

அதன்பின் அந்தக் காரில் மயிலம்மாள் போகாத கோயில் இல்லை. ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கேட்பாள்: "இது எத்தனையாவது சவாரிங்க?"

வெள்ளைச்சாமி துண்டை எடுத்து அவள் கையைத் தேடுவார். அவள் கையைக் கொடுக்கவே மாட்டாள். கடைசிவரை அவர் தீர்க்காமல் போன பாக்கி அது ஒன்றுதான்.