எங்களுக்கு எதிரான தீர்ப்பும் சரோஜினியும்

ஜாசின் நீதிமன்றத்தில் வழக்கு முடிந்து வெளியே வந்தபோது, சரோஜினியின் தம்பி அழைத்திருந்ததாக அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. திரும்ப அழைத்தேன். "அக்கா காலையில போயிட்டாங்கண்ணே" என்றார். நோய் முற்றியிருந்தது தெரியும். ஆனாலும் மாலையில் மருத்துவமனைக்கு எடுத்துவரச் சொல்லிச் சரோஜினி கேட்டிருந்த நாளிதழ்கள் என் காரில் கிடந்தன.

படிக்கும் காலத்திலிருந்தே நாங்கள் நண்பர்கள். பிறகு மலேசியாவின் மலாக்கா நகரில் ஒரு காப்பிக்கடையின் மாடியில் சேர்ந்து வழக்கறிஞர் தொழில் நடத்தினோம். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய கோபமும் நினைவிருக்கும். எங்களுக்குள் தீராத சண்டை ஒன்று இருந்தது. அநியாயமான சட்டம் சட்டமே ஆகாது என்பேன் நான். அவர் ஒப்பமாட்டார். "சட்டமே இல்லன்னு சொல்லிட்டு நீ நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவ லா. சட்டம்தான், ஆனா கெட்ட சட்டம்னு சொல்லிப் பாரு. மாத்துற வேலை உன் தலையில விழும்."

ஒருமுறை ரெம்பியா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த குடும்பங்களை வெளியேற்றப் புதிய முதலாளி வழக்குப் போட்டார். தொழிலாளர்களுக்காகச் சரோஜினி வாதாடினார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். வேலைக்காகக் கொடுத்த வீடு வேலையோடு போய்விடும், சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று தீர்ப்பளித்தார். காலி செய்ய மாதக் கடைசி வரை அவகாசம் தந்தார்.

வெளியே எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மேல்முறையீடு இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று நான் ஆரம்பித்தேன். சரோஜினி குறுக்கிட்டார். "தோத்துட்டோம். சட்டம் அவங்க பக்கம், நியாயம் நம்ம பக்கம். ரெண்டும் ஒண்ணுன்னு உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல."

பால்மரம் சீவும் பச்சையம்மா கேட்டார்: "அப்புறம் கோர்ட்டு எதுக்கு லாயரம்மா?"

ஊர் திரும்பும் வழியெல்லாம் சரோஜினி காரில் அந்தத் தீர்ப்பையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார்.

மாதம் முடியும் முன்பே புல்டோசரை அனுப்பிவிட்டார்கள். செய்தி கேட்டு நாங்கள் ஓடினோம். பச்சையம்மா வீட்டு அடுப்படிச் சுவர் அதற்குள் சரிந்து கிடந்தது. இளைஞர்கள் கல்லெடுத்துவிட்டார்கள். சரோஜினி நேரே இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். கையில் எங்களுக்கு எதிரான அந்தத் தீர்ப்பு.

வேலையை மேற்பார்வை பார்த்தவர் தமிழர்தான். "தோத்த கேசுதானே மேடம், தள்ளி நில்லுங்க லா" என்றார்.

"தோத்த கேசுதான். மாசக் கடைசி வரைக்கும்னு இதுலயே இருக்கு. இதுக்கு இவங்க கட்டுப்படணும்னா உங்க முதலாளியும் கட்டுப்படணும். இன்னொரு சுவர் விழுந்தா, உத்தரவை மீறினதுக்கு அவரையே கோர்ட்டுல கொண்டுவந்து நிறுத்துவேன்."

மேற்பார்வையாளர் முதலாளிக்குப் போன் செய்துவிட்டு வந்து கையசைத்தார். எஞ்சின் நின்றது. சரோஜினி இளைஞர்கள் பக்கம் திரும்பினார். "கல்லைக் கீழ போடுங்கப்பா. இப்போ தப்பு அவங்க பேர்ல இருக்கு. அதை வாங்கி நம்ம பேர்ல எழுதிக்காதீங்க."

கெடுவுக்கு முன்பே இடித்த அந்தச் சுவர்தான் முதலாளியைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்துவந்தது. மறுபடி வழக்கென்றால் கட்டுமானம் தாமதமாகுமே என்று பயந்தார். பேச்சின் முடிவில் பாயா ரும்புட் பகுதியில் சிறு வீடுகள் மலிவாகக் கிடைத்தன. பச்சையம்மாவுக்கு ஒன்று அமைந்தது. சில குடும்பங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை, செர்காமில் உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொண்டார்கள். இதை வெற்றி என்று யாராவது பாராட்டினால் சரோஜினிக்கு முகம் சுருங்கிவிடும். "செர்காம் போய் அவங்ககிட்டச் சொல்லுங்க" என்பார்.

எங்கள் சண்டையில் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. பதில் சொல்ல அவர்தான் இல்லை. ஆனால் தோல்வியைத் தோல்வி என்று சொல்லும் துணிவை அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஈமச்சடங்கு முடிந்த வாரம் என் கட்சிக்காரர் ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. "தோத்துட்டோம் அண்ணே" என்றேன். அவர் நீதிமன்றப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கோப்புகளைக் கீழே வைத்துவிட்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.